காட் மீன்ல புழு: இது யாரோட புழு?

கடலூர்க்காரன்:
மக்களே ஒரு அவசர சந்தேகம், சாப்பிட்டுகிட்டே படிக்கிறவங்க அப்புறமா வாங்க. நான் டொராண்டோ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நேத்து சாயங்காலம் வீட்டுப் பக்கத்துக் கடைல ஃப்ரெஷ் காட் மீன், ஃப்ரோசன் இல்ல, ஐஸ் மேல அடுக்கி வச்சிருந்தது, ஒரு கிலோ வாங்கிட்டு வந்து மஞ்சள் உப்பு போட்டு அலசிட்டு இருந்தேன். வயித்துப் பக்கம் மெல்லிசா ஒரு சதை மடிப்பு இருக்கும்ல, அதுக்குள்ள பிரவுன் கலர்ல நூல் மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. நரம்புதான்னு நெனச்சு இழுத்தேன், வந்துச்சு, சிங்க்ல விழுந்துச்சு, அப்புறம் மெதுவா தலையத் தூக்கிச்சு. மூணு நாலு சென்டிமீட்டர் இருக்கும். என் பொண்ணு பக்கத்துல நின்னு "அப்பா இது ஹாய் சொல்லுது"ங்கறா.

கடைக்கு ஃபோன் போட்டா "அது நேச்சுரல் சார்"னு ஒரே வார்த்தை, வச்சுட்டான். போன வாரம் இதே கடை மீன வறுத்து வேற சாப்பிட்டிருக்கோம். யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, மீதி மீன் ஃப்ரிட்ஜ்ல என்னப் பாத்துகிட்டு இருக்கு.

சும்மாசுத்தி:
கடல் பூரா பிளாஸ்டிக்கும் கெமிக்கலும் கொட்டி வச்சா புழு வராம பூவா வரும். எங்க தாத்தா காலத்துல மீன்ல புழுன்னு கேள்விப்பட்டதுண்டா? எல்லாம் பொல்யூஷன். தூக்கிப் போடுங்க சார்.

தூத்துக்குடிபரணி:
சுத்தி அண்ணாச்சி, உங்க தாத்தா மீன் வெட்டிருக்க மாட்டாரு, அதான் கேள்விப்படல. எங்க ஆச்சி கிட்ட கேளுங்க, வாளை மீன் குடலுக்குள்ள வெள்ளையா வட்டமா சுருண்டு கெடக்கும், வாட்ச் ஸ்பிரிங்கு மாதிரி, விரலால சுண்டிவிட்டுட்டு வேலையப் பாப்பா. களவா மீன் சினைக்குள்ள ரத்தச் செவப்புல ஒரு புழு இருக்கும், அது பாக்கவே பயமா இருக்கும். புழு என்னிக்கும் உண்டு, வெட்டுறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். கொழம்புல கொதிச்சா எல்லாம் போச்சு.

மைக்ராஸ்கோப்மலர்:
ஆஹா என் சப்ஜெக்ட். ஒட்டுண்ணியியல்ல ஆராய்ச்சி பண்றேன், இத வீட்ல பேசினா எழுந்து போயிடறாங்க, இங்கயாவது பேசிக்கிறேன்.

கடலூர்க்காரன் அண்ணா, பிரவுன் கலரு, அந்த சைஸு, காட் மீனு, வயித்து மடிப்பு, எல்லாம் சேத்துப் பாத்தா அது பெரும்பாலும் சூடோடெரனோவா. கனடா பக்கம் அதுக்கு சீல் புழுன்னே பேரு. அதாவது அது மீனோட புழுவே இல்ல, சீலோட, அதான் கடல்நாயோட புழு. மீன் அதுக்கு பஸ் மாதிரி. பெரிய புழுக்கள் சீலோட வயித்துக்குள்ள குடும்பம் நடத்துது, முட்டை சாணி வழியா கடல்ல விழுந்து அடில போய் உக்காருது, அத அடில மேயுற பொடி இறால் மாதிரியான ஜந்துங்க திங்குது, அத சின்ன மீன், சின்ன மீன காட், காட்டை சீல். ஒவ்வொரு வயித்துலயும் குஞ்சுப் புழு சதைக்குள்ள பூந்து சுருண்டு படுத்துகிட்டு அடுத்த வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்கும், வருஷக்கணக்குல கூட. உங்க சிங்க்ல விழுந்தது தப்பான ஸ்டாப்புல இறங்கின கேஸு.

பரணி சொன்ன வெள்ளை ஸ்பிரிங்கு அதோட சொந்தக்காரன், அனிசாக்கிஸ். அதுக்கு வீடு திமிங்கலமும் டால்ஃபினும். நம்ம பக்கத்து வெதுவெதுப்பான கடல்ல இருக்கறது அதுல ஒரு இனம். ஆனா களவா சினைல இருக்கற செவப்புப் புழு வேற, அது பிலோமெட்ரா, அது மட்டும் நெசமாவே மீனுக்கே சொந்தமான புழு, நம்ம வயித்துல அதுக்கு வேலை இல்ல.

வறுத்து சாப்பிட்டதுக்கு பயமே வேணாம். உள்சதை 60 டிகிரிய தொட்டு ஒரு நிமிஷம் இருந்தா புழு காலி.

வடதுருவத்தான்:
தம்பி கடலூர், உந்தப் புழுவ நான் என்ர வாழ்க்கையில எத்தினை ஆயிரம் எடுத்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது. நான் எண்பதுகளின்ர கடைசியில நோர்வேக்கு வந்து வடக்க ஃபின்மார்க்கில ஒரு மீன் பக்ரறியில பத்து வருசம் நிண்டனான். அங்க அந்த நேரம் கனக்க எங்கட ஆக்கள் மீன் பக்ரறியளிலதான் வேலை. நோர்வேக்காரர் இந்தப் புழுவுக்குச் சொல்லுறது க்வெய்ஸ். சீல் புழு, திமிங்கிலப் புழு எல்லாத்துக்கும் அவங்களுக்கு ஒரே பேர்தான்.

வேலை என்னெண்டா, மேசையின்ர மேல் பலகை வெள்ளைக் கண்ணாடி மாதிரி, கீழ இருந்து லைற் அடிக்கும். மீன்சதையை அதில பரப்பினா சதை வெளிச்சம் விடும், புழு இருக்கிற இடம் கறுப்பா நிழல் மாதிரித் தெரியும். கத்தி நுனியால ஒரு கீறு, இடுக்கியால ஒரு இழுவை. விடிய ஆறு மணிக்குத் துவங்கினா மத்தியானம் கண்ணை மூடினாலும் வெள்ளை வெளிச்சமும் கறுப்புக் கோடும்தான் தெரியும். மாரியில வெளியில சூரியனே வராது, நாங்கள் பாத்த வெளிச்சம் அந்த மேசை வெளிச்சம் மட்டும்தான். முதுகுப் பக்கத்துத் தடிச்ச சதையுக்க ஆழமாக் கிடந்தா லைற்றுக்கும் தெரியாது, அது தப்பிப் போகும். வயித்து மடிப்பை சிலவேளை அப்பிடியே வெட்டி எறிஞ்சிடுவம், எண்ணி மினக்கெட ஏலாது. முதல் கிழமை நான் மீன் சாப்பிடேல்ல. ரெண்டாம் கிழமை சாப்பிட்டன், பசி.

கடலூர்க்காரன்:
அண்ணே இதப் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா என் வைஃப் ஒரு கேள்வி கேக்கறாங்க, பச்சையா சாப்பிட்டா என்ன ஆகும்? அவங்க ஆஃபீஸ்ல எல்லாரும் சுஷி பார்ட்டிங்கறாங்க.

மைக்ராஸ்கோப்மலர்:
பச்சையா உள்ள போனா புழு நம்ம வயித்த சீல் வயிறு, திமிங்கல வயிறுன்னு நம்பி சுவத்தக் குடைய ஆரம்பிக்கும். சில மணி நேரத்துலயே உயிர் போற வலி, வாந்தி. ஆனா நமக்குள்ள அது பெரிய புழுவா வளர முடியாது, கொஞ்ச நாள்ல செத்துடும். ஜப்பான்ல கானாங்கெளுத்திய பச்சையா சாப்பிட்டுட்டு இந்த வலியோட போறவங்களுக்கு வாய் வழியா கேமரா விட்டு இடுக்கிய வச்சு புழுவ உருவி எடுப்பாங்க, எடுத்த உடனே பெரும்பாலும் வலி நின்னுடும். அண்ணாவோட சீல் புழு கொஞ்சம் சாது, பல கேஸுல குடையாம மேல ஏறி வந்து தொண்டைல கிச்சுகிச்சு மூட்டும், இருமினா வாய்ல வந்து நிக்கும். (சாப்பிட்டுகிட்டே படிக்கிறவங்க வரவேணாம்னு முதல் போஸ்ட்லயே சொல்லியாச்சு.) இன்னொரு வகை ஆபத்து அலர்ஜி, அது செத்த புழுவாலயும் வரலாம், ஸ்பெயின்ல இது பெரிய பிரச்சினை.

இந்த நோயே மருத்துவத்துக்குத் தெரிய வந்தது 1960ல, நெதர்லாந்துல. அங்க ஹெர்ரிங் மீன லேசா உப்பு போட்டு வாலப் பிடிச்சு அண்ணாந்து வாய்க்குள்ள விடுவாங்க. வான் டீல்ங்கற ஆளும் அவரோட வேலை பாத்தவங்களும்தான் வயித்துவலிக்காரங்க குடல்ல இருக்கற புழு கடல் புழுன்னு சொன்னாங்க. ஏன் திடீர்னு அப்ப வந்துச்சுன்னா, முன்னாடி போட்லயே உடனே குடல எடுத்து உப்பு போட்டுருவாங்க, அப்புறம் குடலோட ஐஸ்ல வச்சு கரைக்கு கொண்டு வர ஆரம்பிச்சாங்க, மீன் செத்த பிறகு புழு குடல விட்டு சதைக்குள்ள நடந்து போக டைம் கிடைச்சுது. 1968ல ஹெர்ரிங்க கட்டாயம் உறைய வைக்கணும்னு சட்டம் போட்டாங்க, நோய் டக்குனு கொறஞ்சு போச்சு. இப்ப ஐரோப்பா விதி மைனஸ் 20ல 24 மணி நேரம். அமெரிக்க உணவு மருந்துத் துறை, எஃப்டிஏ, மைனஸ் 20ல ஏழு நாள்ங்குது. நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 தொட்டாலே பெருசு, அதுலயும் பொழுதன்னைக்கும் ஐஸ்கிரீமுக்கு கதவத் தொறப்போம், அதனால வீட்ல உறைய வச்சு சுஷி பண்றேன்னு கிளம்பாதீங்க.

தூத்துக்குடிபரணி:
எங்க ஆச்சியும் அதான் சொல்லுவா, "மீன் வந்ததும் மொதல்ல கொடல எடு, பொறவு பேசு"ன்னு. நாங்க நாத்தத்துக்குன்னு நெனச்சோம்.

சும்மாசுத்தி:
சரி சரி ஒத்துக்கறேன், பழைய புழுதான். ஆனா இப்ப ஜாஸ்தி ஆயிருக்குன்னு எங்கயோ படிச்சேன், 283 மடங்குன்னு. அது மட்டும் பொய்யா? ஜாஸ்தி ஆனா கடல் கெட்டுப் போச்சுன்னுதானே அர்த்தம்?

மைக்ராஸ்கோப்மலர்:
பொய் இல்ல, 283 சரிதான். சியாட்டில்ல இருக்கற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல செல்சி வுட் குழு 2020ல வெளியிட்டது, உலகம் பூரா வந்த பழைய ஆய்வுக்கட்டுரைகள எல்லாம் தோண்டி 1978லேருந்து 2015 வரைக்கும் மீன்கள்ல எத்தன புழு எண்ணியிருக்காங்கன்னு சேத்துப் பாத்தாங்க. அனிசாக்கிஸ், அதாவது திமிங்கலப் புழு, 283 மடங்கு. ஆனா அதே ஆய்வுல சூடோடெரனோவா, கடலூர் அண்ணா சிங்க்ல ஹாய் சொன்ன ஆளு, ஏறவே இல்ல. பொல்யூஷன்தான் காரணம்னா ரெண்டும் சேந்து ஏறணும்ல?

அவங்க சொல்ற காரணங்கள்ல ஒண்ணு, திமிங்கல வேட்டை கொறஞ்சு பல இடத்துல திமிங்கலம் திரும்பி வந்துகிட்டு இருக்கு, வீடு கூடினா குடித்தனம் கூடும். கடல் சூடு, தண்ணில கலக்குற உரம் இதெல்லாமும் இருக்கலாம்ங்கறாங்க, முடிஞ்ச தீர்ப்பு இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க, இந்தப் புழு பொழைக்கணும்னா பொடி ஜந்து இருக்கணும், சின்ன மீன் இருக்கணும், பெரிய மீன் இருக்கணும், கடைசில திமிங்கலமும் இருக்கணும். நாலுல ஒரு கண்ணி அறுந்தாலும் புழு இல்ல. கெட்டுப் போன கடல்ல இவ்ளோ பெரிய செயின் நிக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு இதே ஊர்லேருந்து 2024ல வந்துச்சு. சியாட்டில்ல மீன் வியாபார சங்கத்துக்காரங்க தர சோதனைக்குன்னு வருஷாவருஷம் சால்மன் டின் எடுத்து வச்சிருந்தாங்க, தேதி முடிஞ்சு தூசி படிஞ்சு கெடந்த டின்னு. அத நேட்டலி மாஸ்டிக் குழு வாங்கிகிட்டாங்க. மொத்தம் 178 டின், 1979லேருந்து 2021 வரைக்கும். ஒவ்வொண்ணா தொறந்து வெந்த சால்மன ஃபோர்செப்ஸால பிச்சுப் பிச்சு செத்த புழுவ எண்ணினாங்க. நாலு வகை சால்மன்ல ரெண்டுல புழு கூடியிருக்கு, ரெண்டுல அப்படியே இருக்கு. அமெரிக்கால கடல் பாலூட்டிகளப் பாதுகாக்கற சட்டம் வந்தது 1972ல, டின் ஆரம்பிக்கறது 1979ல, பொருந்தி வருது பாருங்க. நாப்பது வருஷ டின்ன தொறந்தா எப்படி நாத்தம் அடிக்கும்னு யோசிச்சா மட்டும் எனக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமை போயிடுது.

வடதுருவத்தான்:
பிள்ளை சொல்லுறது சரி, ஆனா மீனவன்ர பக்கமும் ஒருக்கா பாக்கவேணும். புழு கூடினா மேசையில நிக்கிற ஆக்கள் கூட வேணும், சதை வெட்டி எறியிறது கூடும், விலை போகாது. அங்க கிழவர்மார் கோப்பியைக் குடிச்சுக்கொண்டு ஒரே கதை, "சீலைச் சுட விட்டா எல்லாம் சரிவரும்".

சும்மாசுத்தி:
அப்ப சுட வேண்டியதுதானே? சீலா சோறான்னு வந்தா சோறுதான்.

மைக்ராஸ்கோப்மலர்:
கனடால இது அரை நூற்றாண்டு சண்டை சார். நோவா ஸ்கோஷியா பக்கம் சேபிள் தீவுன்னு ஒரு மணல் திட்டு, 1960கள்ல அங்க சாம்பல் சீல் வருஷத்துக்கு சில நூறு குட்டிதான் போட்டுச்சு, 2016 கணக்குல 80,000த்துக்கு மேல. இன்னொரு பக்கம் 1992ல காட் மீன்பிடியே மூட வேண்டிய நெலம, ஆயிரக்கணக்குல மீனவங்க வேலை போச்சு. காட் போனது மனுஷன் அள்ளுன அள்ளுல. ஆனா மிச்சம் இருக்கற காட்ட சீல் திங்குது, மிச்சத்துல புழு வேறங்கற கோவம் நியாயமான கோவம்தான், நான் அத கிண்டல் பண்ண மாட்டேன். சுட்டா புழு கொறையுமாங்கறது தனிக் கேள்வி. ஒரே சீல் வயித்துல நூத்துக்கணக்குல புழு, ஒவ்வொரு பெண் புழுவும் லட்சக்கணக்குல முட்டை, ஏற்கனவே மீனுக்குள்ள வருஷக்கணக்கா காத்திருக்கற குஞ்சுப் புழு வேற. பேருக்கு கொஞ்சம் சுட்டா எதுவும் தெரியாது, தெரியற அளவுக்கு சுடணும்னா சீலே இல்லாம பண்ணணும்.

பறவைப்பித்தன்:
லேட்டா வர்றேன். எல்லாரும் மீன் வயித்துலயும் மனுஷன் வயித்துலயுமே நிக்கிறீங்க, அந்த சீலுக்கும் பறவைக்கும் புழுவால என்ன ஆகுதுன்னு யாரும் கேக்கலயே. ஸ்காட்லாந்து கிழக்குக் கரைல மே தீவுன்னு ஒண்ணு, அங்க ஷாக்னு நீர்க்காக வகைப் பறவை பாறைல கூடு கட்டும். வயித்துல கான்ட்ரசீகம்னு இதே குடும்பத்துப் புழு. அம்மா தின்ன மீனைக் கக்கி ஊட்டும்போதே குஞ்சுக்கும் போயிடும். ஆராய்ச்சியாளர்கள் பறவையப் பிடிச்சு வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு உயிரோட புழுவ எண்ணிட்டு விட்டுடறாங்க, நம்மாளுங்களுக்கு எண்டோஸ்கோப்பி பண்ண எத்தன சீன் போடுவோம்.

விஷயம் என்னன்னா சில அம்மாக்களுக்கு மட்டும் புழு மருந்து குடுத்துப் பாத்தாங்க, 2008ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. மருந்து குடுக்காத அம்மாக்களால ஆண் குஞ்ச காப்பாத்த முடியறது கஷ்டமா இருக்கு, அதுலயும் சீசன் கடைசில. ஆண் குஞ்சு பெருசா வளரும், தீனி ஜாஸ்தி கேக்கும், புழுவுக்குப் பங்கு குடுத்துட்டு மிச்சத்துல அம்மாவால ஓட முடியல. புழு பறவையக் கொல்லல, அடுத்த தலைமுறைல யாரு இருக்கணும்னு மட்டும் முடிவு பண்ணுது. இதப் படிச்சதுக்கு அப்புறம் கடற்பறவை கூட்டப் பாத்தா எனக்கு உள்ள இருக்கற கூட்டமும் ஞாபகம் வந்துடுது.

மைக்ராஸ்கோப்மலர்:
பித்தன் சார் சூப்பர். அம்மான்னதும் நான் ஒண்ணு சொல்லியே ஆகணும், இது ஒட்டுண்ணியியல்ல ஒரு துப்பறியும் கதை. அலாஸ்காவுக்கு மேற்க பிரிபிலோஃப் தீவுகள்ல ஃபர் சீல் லட்சக்கணக்குல குட்டி போட வரும். குட்டிங்க ரத்தம் இல்லாம வெளுத்து செத்துகிட்டே இருந்துச்சு, குடல்ல கொக்கிப்புழு, அன்சினேரியா. புதிர் என்னன்னா, பெரிய சீல எத்தன அறுத்துப் பாத்தாலும் குடல்ல கொக்கிப்புழு இல்ல. குட்டி கிட்ட மட்டும் இருக்கு. பொறந்து ரெண்டு வாரம் ஆன குட்டி குடல்ல வளந்த புழு எங்கேருந்து வரும்? மண்லேருந்து தோல் வழியா ஏறிச்சுன்னா அம்மாவுக்கும் வரணும்ல?

ஓல்சன், லையன்ஸ்னு ரெண்டு பேர் 1965ல விடைய எழுதினாங்க: தாய்ப்பால். மண்லேருந்து குஞ்சுப் புழு பெரிய சீல் ஒடம்புக்குள்ள பூரும், ஆனா குடலுக்குப் போகாது, கொழுப்புக்குள்ள தூங்கும். அம்மா வருஷத்துல பாதிக்கு மேல நடுக்கடல்ல சுத்துது, அதுவும் கூடவே சுத்துது. குட்டி போட்டு முதல் பால் சுரந்ததும் எழுந்து மார்புக்கு ஓடி பாலோட குட்டிக்குள்ள போயிடும். அதுவும் முதல் சில நாள் பால்ல மட்டும். குட்டி குடல்ல ரத்தம் குடிச்சு வளந்து முட்டை போட்டு ரெண்டு மூணு மாசத்துல அதுவும் வெளியேறிடும், முட்டை மணல்ல, அடுத்த வருஷம் வர்ற சீலுக்கு மணல்லேருந்து. சீல் கரைல இருக்கறதே கொஞ்ச மாசம், அந்தக் கொஞ்ச மாசத்துக்கு ஏத்த மாதிரி காலண்டர் போட்டு வாழுது ஒரு புழு. எனக்கு இத முதல் தடவ படிச்சப்ப ஒரு பக்கம் அருவருப்பு, ஒரு பக்கம் எழுந்து நின்னு கை தட்டணும் போல இருந்துச்சு.

தூத்துக்குடிபரணி:
மலரக்கா ஒரு கேள்வி. சின்ன வயசுல எங்க ஊருக் கரையில ஒரு ஓங்கல், அதான் டால்ஃபின், செத்து ஒதுங்குச்சு, டாக்டர் வந்து வயித்தக் கீறுனதும் சேமியா கொட்டுன மாதிரி வெள்ளையா விழுந்துச்சு, அன்னைக்கு ராத்திரி நான் சோறே திங்கல. 2016 ஜனவரில மணப்பாடு பக்கம் திமிங்கலக் கூட்டம் மொத்தமா கரையேறிச்சே, நாங்க எல்லாம் கயிறு கட்டி இழுத்துக் கடல்ல விட்டா திரும்பத் திரும்ப கரைக்கே வந்துச்சு. காதுல புழு போயி தெச தெரியாம வந்துச்சுன்னு அப்ப ஒருத்தர் சொன்னாரு. நெசமா?

மைக்ராஸ்கோப்மலர்:
மணப்பாட்டுக்கு அதான் காரணம்னு சொல்ல மாட்டேன் தம்பி. அதே கரைல 1973லயும் அதே வகைத் திமிங்கலம் ஒதுங்கியிருக்கு, ஆழம் கம்மியான கரை, கூட்டத்த விட்டுப் பிரியாத ஜாதி, இப்படிப் பல விஷயம் சேந்து நடக்கும். காதுப் புழு உண்மைலயே உண்டு, ஸ்டெனூரஸ்னு பேரு, ஐரோப்பாவுல டால்ஃபின் மாதிரியே இருக்கற சின்ன போர்பாய்ஸ்ங்களோட காதச் சுத்தி கொத்துக் கொத்தா இருக்கும். ஆனா வலைல மாட்டி செத்த நல்ல ஆரோக்கியமானதுகள அறுத்துப் பாத்தாலும் இருக்கு, அதனால புழு இருந்துச்சு அதான் கரையேறிச்சுன்னு சொல்ல முடியாது. நாசிட்ரீமான்னு ஒரு தட்டைப்புழு வேற கதை, தலைக்குள்ள காத்து அறைல வாழும், சிலதுல வழி தவறி மூளைக்குள்ள முட்டை போட்டுடும், அந்த மாதிரி டால்ஃபின் மூளைல காயத்தோட கரை ஒதுங்கினது நல்லாவே பதிவாகியிருக்கு. நீ பாத்த சேமியா அனிசாக்கிஸ் மாதிரிதான் தெரியுது. வயித்துச் சுவத்துல கூட்டமா தலைய நட்டுகிட்டு புண்ணாக்கும், ஆனா அதோட எத்தனையோ ஓங்கல் நல்லாத்தான் துள்ளிகிட்டு இருக்கு.

சும்மாசுத்தி:
கடைசியா ஒண்ணு, சண்டை போடல, ஆர்வம்தான். இதுல பெரிய புழு எது?

மைக்ராஸ்கோப்மலர்:
ஸ்பெர்ம் திமிங்கலத்தோட நஞ்சுக்கொடிக்குள்ள வாழற ஒரு உருளைப்புழு. 1951ல சோவியத் விஞ்ஞானி குபானோவ் எழுதினது. நீளம் 8.4 மீட்டர். ஆமா மீட்டர்.

சும்மாசுத்தி:
நான் கேட்டிருக்கவே கூடாது.

கடலூர்க்காரன்:
மக்களே அப்டேட். ஃப்ரிட்ஜ்ல இருந்த மீன தூக்கிப் போட மனசு வரல. வடதுருவத்தான் அண்ணே சொன்ன லைட் மேசைய வீட்லயே செஞ்சேன். கேக் பண்ற கண்ணாடி ட்ரேய ரெண்டு டப்பா மேல தூக்கி வச்சு, அடில ஃபோன் டார்ச், கிச்சன் லைட்ட அணைச்சாச்சு. பொண்ணு இடுக்கியோட ரெடியா நின்னா. சதை பால் மாதிரி வெளிச்சம் விடுது, நெசமாவே கறுப்புக் கோடு தெரியுது. ரெண்டு கிடைச்சுது. ஒண்ணு அவளே எடுத்தா, நாளைக்கு ஸ்கூலுக்குக் கொண்டுபோகணுமாம், அவங்க அம்மா கூட இப்ப அதுக்குதான் பஞ்சாயத்து நடக்குது. மீன் குழம்புல கொதிக்குது.

வடதுருவத்தான்:
ரெண்டும் எந்தப் பக்கம் கிடந்தது தம்பி, வயித்துப் பக்கமோ முதுகுப் பக்கமோ?

கடலூர்க்காரன்:
ஒண்ணு வயித்துப் பக்கம் அண்ணே. இன்னொண்ணு முதுகுல, வால் கிட்ட.

வடதுருவத்தான்:
வால்பக்கம் சதை மெல்லிசு, அதால லைற் போயிருக்கும். தடிச்ச பக்கத்தை நீட்டுக்கு ரெண்டாப் பிளந்து பாத்தனியோ?

கடலூர்க்காரன்:
இல்லண்ணே. அது இப்ப குழம்புல இருக்கு.